செங்கல்பட்டுக்குப் பாதி வழி

மச்சான்,

இந்த நோன்புக்கு என் வீட்டுக்குக் கஞ்சி வரவில்லை. ஷகீலாவைக் கல்யாணம் செய்துகொண்டு நீ கோவளத்தில் தனி வீடு எடுத்த வருஷத்திலிருந்து ஒரு நோன்புகூட அது தவறியதில்லை. நேற்று முன்தினம் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிவாசல் தெரு வழியாக நடந்தேன். கஞ்சி காய்ச்சிய தேக்சாவின் மூடியை அப்போதுதான் திறந்திருந்தார்கள். பூண்டு, வெந்தயம், புதினா, குழைந்த அரிசி எல்லாம் கலந்த அந்த வாசனை தெரு முழுக்க இருந்தது. தூக்குவாளியோடு நின்றவர்களில் உன் மெக்கானிக் கடைக்குப் பக்கத்துப் பழக்கடைக்காரரும் இருந்தார். எப்போதும் "இன்னா ரைட்டரே" என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு வாளி மூடியைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, உன்மேல்.

ஊருக்குள் என்ன பேச்சு தெரியுமா? வைத்தியத்துக்கு உன்னைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் வேறு எங்கோ கூட்டிப்போய்ச் சுற்றிவிட்டு வந்தேனாம். உன் சாவுக்கு நானும் ஒரு காரணமாம். இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய்விட்டாய். திருப்போரூரில் உட்கார்ந்து ஊரார் சொத்துக்கெல்லாம் பத்திரம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்று சண்டை பிடிக்கிறவன் நான். எனக்கு இந்தக் கதி.

போன வருஷம் தை மாதம் கேளம்பாக்கத்தில் உன் கடைப் பையனின் தங்கச்சி கல்யாணத்தில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. இரண்டாவது வாய் பிரியாணியில் உன் கை நின்றது. முகம் கறுத்தது. எழுந்து கை கழுவும் இடத்துக்கு ஓடினாய். பின்னாலேயே வந்தேன். கறித்துண்டு போன மாதிரியே முழுசாக வெளியே வந்து விழுந்தது.

"எத்தினி நாளா இப்டிக்கீது?"

"தோ, ஒரு ஆறு மாசமா."

"வூட்ல சொன்னியா?"

"இன்னாத்துக்குடா? பரோட்டாவ பிச்சிப் போட்டு சால்னால ஊற வுட்டா எறங்குது. அவ கிட்ட சொன்னா அழுவா."

ஆறு மாதம் ஒரே தட்டில் சாப்பிடுகிற பெண்டாட்டிக்குத் தெரியாமல் சமாளித்திருக்கிறாய். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டேன்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினாள். நீ பாட்டில் பாட்டிலாகக் குடித்தாயே ரோஸ் கலர் மருந்து, அந்த நெஞ்செரிச்சல்தான் மூலம். வருஷக்கணக்கில் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி ஏறி உணவுக்குழாயின் அடிப்பக்கம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, தழும்பு இறுகிப்போயிருந்தது. ஒரு ரீஃபில் போகிற அளவுக்குத்தான் வழி இருக்கிறது என்றாள். "சின்ன பலூன் ஒண்ணை அந்த இடத்துக்கு அனுப்பி ஊதி விரிப்போம். ஒரே நாள்ல முழுசா விரிச்சா கிழிஞ்சிடும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா செய்யணும். நடுவுல விட்டா பழையபடி சுருங்கிடும்" என்றாள்.

நீ உடனே தொழில் பேச ஆரம்பித்துவிட்டாய். "நாங்களும் ஏசிக்கு காப்பர் டியூபு வாயை இப்டித்தான் மேடம் விரிப்போம். கொஞ்சம் அவசரப்பட்டாலும் கீறல் வுட்டுடும்." டாக்டரம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மயக்க ஊசி போடுவதால் கூட ஒரு ஆள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்த ஆள் கையெழுத்துப் போட்டு, முடியும்வரை வெளியே இருந்து, பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கு முழுக்க நீ வண்டி ஓட்டக் கூடாது. நர்ஸ் என் பெயரை எழுதிக்கொண்டு, "உறவு?" என்று கேட்டாள். "மச்சான்" என்றாய். அவள் உன் பெயரையும் என் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது பெரிய கத சிஸ்டர்" என்றாய். அவள் 'நண்பர்' என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை முடிந்து சாயங்காலம் என் வண்டியில் திரும்பினோம். குழைவாக எதுவும் சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். திருப்போரூர் ரோட்டில் காட்டைத் தாண்டியதும் ஒரு இட்லிக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு நடுவயது அம்மா. இரண்டு இட்லி வாங்கினாய். விண்டு வாயில் வைத்து, மென்று, விழுங்கினாய். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாய். நான் பயந்துபோய் எழுந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லடா. எறங்கிச்சு. சும்மா எறங்கிச்சுடா."

கண் கலங்கியிருந்தது உனக்கு. எனக்கும்தான். ஷகீலாவுக்கு போன் போட்டு, "ரெண்டு இட்லி துன்னேன்டி, மச்சான் வாங்கிக் குட்த்தான்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாய். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் செய்த நல்ல காரியங்கள் ரொம்பக் கொஞ்சம். அதில் அந்த இரண்டு இட்லியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தடவையும் நல்லபடி முடிந்தது. மூன்றாவது தடவைதான் எல்லாம் கெட்டது. உனக்கு முன்னால் உள்ளே போனவர் மதுராந்தகம் பக்கத்து விவசாயி. உன்னைப் போலவே குழாய் சுருங்கியவர். திடீரென்று கதவு திறந்து அவரைத் தள்ளுவண்டியில் வைத்து ஆபரேஷன் அறைப் பக்கம் ஓடினார்கள். அவர் மனைவி கையில் பையோடும் அவர் செருப்போடும் பின்னால் ஓடினாள். குழாய் கிழிந்துவிட்டது, அபூர்வமாக எப்போதாவது அப்படி ஆகும், தைத்துவிடலாம் என்று சொன்னார்கள். நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

"டேய், டியூபு வாய் பொளந்துகிச்சுன்னா நான் வெட்டிப் போட்டுட்டு வேற பீஸு போடுவேன். இத எங்கடா வெட்றது? வா, வூட்டுக்குப் போலாம்."

"ஆயிரத்துல ஒருத்தருக்கு ஆவும். மூடினு உள்ள போ."

முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அரை மணியில் வெளியே வந்தாய். திரும்பி வரும்போது இட்லிக்கடையில் வண்டியை மெதுவாக்கினேன். வேண்டாம் என்று பின்னாலிருந்து தோளைத் தட்டினாய்.

அதன்பின் நோன்பு வந்தது. "நோம்பு முடியட்டும்டா" என்றாய். நியாயம்தானே என்று விட்டேன். நோன்பு திறக்கும் நேரத்தில் எல்லோரும் கஞ்சிதான் குடிக்கிறார்கள், உனக்கும் இறங்கியது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் கடைக்கு வந்த என்னிடம், கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"இனிமே இம்ரான் இட்டுகினு போறேன்றான். வியாழக்கெழம லீவு போட்டுக்கிறானாம். நீ எதுக்கு வேலைய வுட்டுட்டு அலையற?"

உன் மகன் படூரில் இருக்கிறான், சம்பாதிக்கிறான், அப்பனைக் கூட்டிப்போக ஆசைப்படுகிறான் என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு ரோஷம் வந்தது. மூன்று தடவை பெஞ்சில் உட்கார்ந்தவன் நான், கையெழுத்துப் போட்டவன் நான், இப்போது மகன் வந்ததும் நான் வேண்டாதவனா? "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் வந்தேன். என் ரோஷம் உனக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் நீ என்னை ஏமாற்றினாய். இம்ரானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் அன்றைக்கே உன் குட்டு உடைந்திருக்கும். நான் போடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். போடவும் இல்லை.

எப்போதாவது கேட்பேன். "போய்ட்டு வந்தியா?" "ஆங், ஆச்சு" என்பாய். பெல்ட்டில் ஆணியால் புதுசாக ஓட்டை போட்டிருந்தாய். கேட்டதற்கு, "டாக்டரம்மா வெயிட்ட கொறைக்கச் சொன்னாங்க" என்றாய். டீக்கடையில் டீ மட்டும் குடித்தாய். இருமல் விடாமல் இருந்தது. எல்லாம் பார்த்தேன். மகன் பார்த்துக்கொள்வான் என்று இருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் செய்த தப்பும் நீ செய்த துரோகமும் ஒன்றில்லை.

ஐப்பசி மழையில் உன்னை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விழுங்கியது இறங்காமல் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்ச் சீழ் பிடித்திருந்தது. நான் போவதற்குள் உன் வாயில் குழாய் போட்டு, பேச முடியாமல் ஆக்கிவிட்டார்கள். டாக்டரம்மா வராந்தாவில் எங்கள் மூன்று பேரையும் நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"ஏழு மாசமா ஏன் கூட்டிட்டு வரலை? மூணு தடவையோட நின்னு போச்சே. தொடர்ந்து வந்திருந்தா இந்நேரம் சாதாரணமா சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. அன்னிக்குக் கிழிஞ்சுதுன்னு பயந்தீங்களா? அந்தப் பெரியவரே பத்து நாள்ல வீட்டுக்குப் போயிட்டாரு."

நான் இம்ரானைப் பார்த்தேன். இம்ரான் என்னைப் பார்த்தான்.

"நீங்கதான மாமா அத்தாவ இட்டுகினு போனீங்க?"

"நானா? நீ இல்ல போன?"

"நான் எங்க மாமா போனேன்? உங்க கூடப் போறேன்னுதான சொன்னாரு!"

ஷகீலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குரலை என்னால் மறக்க முடியாது. "அண்ணே, ஒவ்வொரு தபாவும் எனக்கு போன் போட்டாரு. மச்சான் கூட கீறேன், மச்சான் ரெண்டு இட்லி வாங்கிக் குட்த்தான், துன்னேன்னு சொன்னாரு. நீங்க ரெண்டு பேரும் எங்கண்ணே போனீங்க? எங்கிட்ட மறைச்சு எங்க போனீங்க?"

நம்முடைய இட்லி. அதையே எடுத்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என் பெயரைப் போட்டுச் சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு சாயங்காலத்தையும் விட்டுவைக்கவில்லை நீ. நான் என்ன சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? பெண்டாட்டிக்கும் மகனுக்கும் ஒரே கதையைச் சொல்லியிருந்தாய். வேறு கதை கேட்டவன் நான் ஒருத்தன்தான். நாலாம் நாள் நீ போய்ச் சேர்ந்தாய். உன் சந்தூக்கைத் தூக்கும்போது தோள் கொடுக்க வந்தேன். இம்ரான் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் நின்ற ஒருவரைக் கூப்பிட்டான். ஒதுங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஷகீலா இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆம்பளைகள் யாரையும் பார்க்கமாட்டாள். நான் அண்ணன் ஆனாலும் வெளி ஆள்தான். என் வீட்டுக்காரி மட்டும் இரண்டு தடவை போய் வந்தாள். டீ கொடுத்தார்களாம், பேச்சுக் கொடுக்கவில்லையாம். இம்ரான் என் போனை எடுக்கவில்லை. நான் குற்றவாளி இல்லை என்று சொல்ல ஒரு கதவுகூட இல்லாமல் நாலு மாதம் இருந்தேன். உனக்கு எப்போதாவது அப்படி இருந்திருக்கிறதா?

மார்கழியில் ஒரு வேலையாகச் செங்கல்பட்டு போய்விட்டுத் திரும்பும்போது அந்த இட்லிக்கடையில் நிறுத்தினேன். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"எங்க சார், உங்க கூட வந்த பாயி? கொஞ்ச நாளா காணம்."

"கொஞ்ச நாளான்னா?"

"வியாழக்கெழமல வருவாரே. காத்தால வந்து வண்டிய அந்த மரத்தாண்ட வுட்டுட்டு ஒக்காந்துகினு இருப்பாரு. ரெண்டு இட்லி வாங்கி ரசத்துல கரைச்சுக் கரைச்சுக் குடிப்பாரு. அதுவும் பாதி எறங்காது, பின்னாண்ட போயி வாந்தி எட்த்துட்டு வருவாரு. சாய்ந்தரம் வூட்டுக்கு போன் போட்டுட்டு கெளம்புவாரு. ஆஸ்பத்திரி இன்னா ஆச்சுன்னு கேட்டேன். கூட ஆளு இல்லாம சேக்க மாட்டாங்கம்மான்னாரு. அப்ப அந்த சார இட்டுனு வர்றதுதானன்னேன். ஐயோ, அவன் வந்தா என்ன உள்ள தள்ளிடுவாம்மான்னு சிரிச்சாரு."

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தை வந்தது. அந்த அம்மா முன்னால் அடக்கிக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறாய். பாதி வழி வந்திருக்கிறாய். ஒருவேளை ஒவ்வொரு தடவையும் இன்றைக்குப் போய்விடலாம் என்றுதான் வந்தாயோ என்னவோ. இன்னும் அரை மணி நேரம் போனால் ஆஸ்பத்திரி. கடல்காற்றில் துருப்பிடித்த எந்த ஏசியையும் விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு மாடிச் சன்னலுக்கு வெளியே தொங்குகிறவன், இந்த அரை மணி நேரத்துக்குப் பயந்து ஏழு மாதம் பட்டினி கிடந்திருக்கிறாய்.

இத்தா முடிந்த மறுநாள், அதாவது நேற்றுக் காலை, உன் வீட்டுக்குப் போனேன். நாலு மாதமாக மனதுக்குள் எழுதி எழுதி அடித்து வைத்திருந்ததைப் பத்திரம் வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். நீ என்னிடம் இம்ரான் பெயரைச் சொன்னதையும், நான் ரோஷப்பட்டு ஒதுங்கினதையும், இட்லிக்கடையையும், அந்த அம்மா சொன்னதையும். எதையும் விடவில்லை. கடை இருக்கும் இடத்தை இம்ரானிடம் சொல்லி, இப்போதே போய்க் கேட்டுவா என்றேன். அவன் போகவில்லை. கிட்டே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிடுங்க மாமா. சந்தூக்குல உங்கள கை வெக்க வுடலையே நானு."

இதற்காகத்தான் நாலு மாதம் காத்திருந்தேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது என்றே நினைத்தேன். அப்போது ஷகீலா கேட்டாள்.

"அப்ப அந்த நாள்லாம் அவரு தனியாவாண்ணே ஒக்காந்துகினு இருந்தாரு?"

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். உனக்கு அது கைவந்த கலை. எனக்கு வரவில்லை.

"ஆமாம்மா. தனியாத்தான்."

"நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு நெனச்சுகினு இருந்தேண்ணே. உங்க மேல கோவம் கோவமா வரும். ஆனா மச்சான் கூடதான இருந்தாருன்னு தோணும். அப்றம் கொஞ்சம் தூக்கம் வரும்."

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். இம்ரான் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஊர் முன்னால் என் பெயர் இனி சுத்தமாகிவிடும். அதற்காக அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதைச் சொல்ல வேண்டியவன் நீ. உயிரோடு இருக்கும்போதே, அவள் மடியில் தலையை வைத்து, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்க வேண்டும். நீ சொல்லாமல் விட்டதை என் வாயால் சொல்லவைத்தாய். அவள் தூக்கம் போனதற்கு இப்போது நான் பொறுப்பு. இதை எந்தக் காலத்திலும் நான் மறக்கப் போவதில்லை, உன்னை மன்னிக்கப் போவதும் இல்லை.

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்டா. அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ ரசத்தில் கரைத்துக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்திருப்பேன். அப்புறம், நீ பயந்தது சரிதான், உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உள்ளே தள்ளியிருப்பேன். நீ வழியெல்லாம் என்னைத் திட்டியிருப்பாய். இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பாய்.